இன்னும் நாலு மரை

தென்காசியில் அந்த மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். திறந்ததும் ஜோதிலட்சுமி சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவாள். அடுத்த வேலை விலை ஒட்டுவது.

அதற்கென்று கையடக்கமாக ஒரு கருவி உண்டு. பிடியை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சின்ன வெள்ளைத் தாள் வந்து பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கம்பெனிக்காரன் அதிகபட்ச விலையை அச்சடித்திருப்பான். வரியும் கடைக்காரரின் லாபமும் அதற்குள்ளேயே அடக்கம். ஜோதிலட்சுமி அந்த அச்செழுத்தின் நேர் மேலே வெள்ளைத் தாளை ஒட்டுவாள். பிரேக் ஷூ பெட்டியில் அடியில் இருப்பது இருநூற்று அறுபத்தைந்து ரூபாய். மேலே ஒட்டியது நானூற்று இருபது.

முதலாளி நம்பிராஜன் பொல்லாதவர் இல்லை. கடையில் வேலை செய்பவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். மூன்று வருஷத்துக்கு முன்பு குற்றாலம் சீசனில் வெளியூர் வண்டிகள் குவிந்து பாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. ரூம் வாடகை ஏறியது, டீ ஏறியது, பஜ்ஜி ஏறியது. "நாம மட்டும் என்ன பாவம் செஞ்சோம்?" என்று கேட்டு அந்தக் கருவியை வாங்கி வந்தார். சீசன் முடிந்தது. அருவியில் தண்ணீர் வற்றியது. வெள்ளைத் தாள் மட்டும் போகவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

ஜோதிலட்சுமிக்கு இந்த வேலையில் பன்னிரண்டு வருஷம். வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கணவர் இல்லை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கையில் தடவிப் பார்த்தே இது எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை கிதிர் முகம்மது வந்தார். வடகரைக்காரர், பழ வியாபாரி. சீசன் நாட்களில் ஐந்தருவிப் பக்கத்துத் தோட்டங்களில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி, பைக்கில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, குற்றாலம் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து விற்பார். அந்த இரண்டு மாத வியாபாரத்தில்தான் அவர் மகள் ஹஃப்சாவின் கல்லூரிப் படிப்பும் ஓடியது.

"என்ன தங்கச்சி, பிரேக் ஷூ போன மாசம் இருந்த இடத்துலயே இருக்கா, இன்னும் மேல ஏறிட்டா?"

"அதே நானூத்தி இருபதுதான் பாய்."

"அருவியில தண்ணி கூடுனாலும் நாலு நாள்ல குறையுது. உங்க கடையில கூடுனது குறைஞ்சு நான் பாத்ததே இல்ல."

ஜோதிலட்சுமி சிரித்தாள். "வண்டியக் காட்டுங்க, பாப்போம்" என்று வெளியே வந்தாள்.

பின்சக்கரத்தின் நடுவே ஒரு வட்டமான இரும்புக் கிண்ணம் இருக்கும். அதுதான் டிரம். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள், அவைதான் பிரேக் ஷூ. காலால் பிரேக்கை மிதித்தால் ஒரு கம்பி இழுபட்டு அந்தப் பிறைகளை வெளிப்பக்கமாக விரிக்கும். சுற்றுகிற பானைக்குள் இரண்டு கைகளை விட்டு உள்சுவரை அழுத்திப் பிடித்தால் பானை நின்றுவிடும் அல்லவா, அப்படித்தான் சக்கரமும் நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிறை கொஞ்சம் தேயும். தேயத் தேய, பிரேக்கை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டிவரும். அப்போது கம்பியின் முனையில் இருக்கும் நட்டை ஒரு சுற்று திருகினால் பிரேக் மறுபடி இறுகும். அதனால்தான் பலரும் வாரம் ஒரு சுற்று கையாலேயே திருகிவிட்டுப் போகிறார்கள். ஆனால் நட்டு ஏறிப்போகிற அந்தத் திருகு வரிகள், மரை என்பார்களே, அவை ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் திருக வழியில்லை.

ஜோதிலட்சுமி குனிந்து எண்ணினாள்.

"பாய், இன்னும் நாலு மரைதான் இருக்கு. தேய்மானம் காட்டுற இந்த அம்புக்குறியப் பாருங்க, கோட்டத் தாண்டிட்டு. இன்னைக்கே மாத்திருங்க."

கிதிர் முகம்மது தலையைச் சொறிந்தார். "மாத்தணும்தான். ஒன்பது நாளா அருவியில வெள்ளம்னு குளிக்கத் தடை போட்டிருக்கான். ஆளே இல்ல. வாங்கிப் போட்ட பழம் பூரா கூடையிலயே அழுகுது. போன தடவை விலை கம்மின்னு ரோட்டுக் கடையில டூப்ளிகேட் வாங்கி மாட்டுனேன், ரெண்டு மாசத்துல பொடிஞ்சு போச்சு. அதான் அசல் வாங்கலாம்னு வந்தேன். இருநூத்தி அறுவதுக்குத் தருவியளா? கையில அவ்வளவுதான் இருக்கு."

அவர் கேட்டது அச்சடித்த விலைக்கு ஐந்து ரூபாய்தான் குறைவு. அது அவருக்குத் தெரியாது. ஜோதிலட்சுமிக்குத் தெரியும்.

உள்ளே போய் முதலாளியிடம் கேட்டாள். அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏ ஜோதி, ஒருத்தனுக்குக் குறைச்சா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். கம்பெனிக்காரன் இந்த வருஷமே ரெண்டு தடவை விலைய ஏத்திட்டான். கடை வாடகைய யாரு தருவா, ஒங்க பாயா?"

அவள் வெளியே வந்தாள். அந்த நேரத்தில் 'பாய், தாளைச் சுரண்டிப் பாருங்க, உள்ள விலை வேற' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தாள். அவளுக்கு வேறொரு வழி தோன்றியது. வெள்ளிக்கிழமை முதலாளி சரக்கு எடுக்க மதுரைக்குப் போவார்.

"பாய்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழம வாங்க. நீங்க கேட்ட விலைக்கே தாரேன். யாருக்கும் சொல்லாதிய."

அவர் முகம் மலர்ந்தது. "நெசமாவா? ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வந்துருதேன், ரெண்டு மணிக்கு. ஒனக்கு நல்ல மங்குஸ்தானா எடுத்துட்டு வாரேன் தங்கச்சி."

"அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க."

"நாலு மரை இருக்கே" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அன்று மதியம் ஜோதிலட்சுமி ஒரு பெட்டியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளை நகத்தால் உரித்து, பெட்டியை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்கிற நிறைவு அவளுக்கு.

வியாழக்கிழமை காலையில் தடையை நீக்கினார்கள். செய்தி பரவியதும் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். இத்தனை நாள் நஷ்டத்தை ஒரே நாளில் ஈடுகட்டிவிடும் ஆசையில் கிதிர் முகம்மது இரண்டு கூடைகளையும் நிரப்பினார். கிளம்பும்போது குனிந்து நட்டைத் திருகினார். மிச்சமிருந்த மரையெல்லாம் அன்றைக்கே முடிந்தது.

ஐந்தருவியிலிருந்து இறங்குகிற சாலை. மெல்லிய சாரல். முன்னால் போன ஒரு வேன் குரங்குகளைப் பார்க்க ஓரம்கட்டி நின்றது. பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பிரேக்கை மிதித்தார். அது தரைவரை அமுங்கியது, வண்டி நிற்கவில்லை. கையால் முன்பிரேக்கைப் பிடித்தார். ஈரச் சரிவில், பாரத்தோடு, முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் முன்சக்கரம் சுற்றுவது நின்று வழுக்கும். வழுக்கியது. பிள்ளைகள் பக்கம் போகாமல் வண்டியைத் திருப்ப மட்டும் அவரால் முடிந்தது. மறுபக்கம் கல்சுவர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

ஜோதிலட்சுமிக்கு இது எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை முதலாளி மதுரைக்குப் போய்விட்டார். ஒன்றரை மணிக்கே பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டே கால் ஆயிற்று. அப்போது வந்தவர் மெக்கானிக் சங்கரநாராயணன்.

"யாருக்கும்மா எடுத்து வச்சிருக்கே?"

"வடகரை பழக்கார பாய்க்கு. வாரேன்னாரு, இன்னும் காணும்."

சங்கரநாராயணன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா? நேத்து ஐந்தருவி ரோட்டுல போயிட்டாரு. இப்பதான் அடக்கம் பண்ணுதாவ. நானும் அங்கன போய்ட்டுதான் வாரேன். வண்டியப் பாத்தேன். நட்டு கடைசி மரையில வந்து நிக்கி."

அவர் கேட்ட பல்பைத் தேடி எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வடகரைக்குப் போனாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள். கிதிர் முகம்மதுவின் மனைவி ஹைருன் பீவி, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருந்து காக்கும் இத்தாவில், வெள்ளைச் சேலையில் சுவரோடு சாய்ந்திருந்தார். இவள் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அந்தத் தங்கச்சி? திங்கக்கிழம சோறு திங்கும்போது சொன்னாவ. கடையில ஒரு புள்ள நமக்காவ விலைய குறைச்சுத் தாரேன்னிருக்கா, இந்தக் காலத்துல யாரு இப்படி செய்வான்னு. ஒன் ஒதவிய நாங்க மறக்க மாட்டோம்மா."

ஜோதிலட்சுமி கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், அப்படியே விட்டுவைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையைத் திறந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் ஹஃப்சா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உரித்த இடத்தில் பசை பிசுபிசுத்தது. அதற்கு அடியில் அச்செழுத்து தெளிவாகத் தெரிந்தது.

"அக்கா, இதுல போட்டிருக்கது இருநூத்தி அறுவத்தஞ்சு. வாப்பாகிட்ட நானூத்தி இருபதுன்னு சொன்னிய."

"மேல ஒட்டியிருந்தோம்மா."

"அப்போ திங்கக்கிழமயும் இதோட விலை இதுதானே?"

"ஆமா."

"பெறவு எதுக்கு எங்க வாப்பா வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருக்கணும்?"

அந்தப் பெண் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். ஹைருன் பீவியின் கை மெல்ல நழுவியது.

மறுநாள் காலை நம்பிராஜன் புதிய சரக்கை மேஜையில் அடுக்கினார். "அறுபது பெட்டி இருக்கு. சட்டுனு ஒட்டிரு" என்று கருவியை நீட்டினார். ஜோதிலட்சுமி வாங்கிக்கொள்ளவில்லை. வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, "பிரேக் ஷூ எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

"இருநூத்தி அறுவத்தஞ்சு அண்ணாச்சி."

"ஏ ஜோதி, என்ன பேசுதே?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து விவசாயியின் கையில் கொடுத்தாள். "நகத்தால சுரண்டிப் பாருங்க. உள்ள இருக்கதுதான் விலை. அதுக்கு மேல வாங்குறது சட்டப்படி குத்தம்."

நம்பிராஜனின் முகம் கறுத்தது. "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"வரல அண்ணாச்சி." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "செத்துப்போன வடகரை பாய் நட்டைத் திருகிக்கிட்டு காத்திருந்தாரு. நான் ரகசியமா ஒதவி பண்ணுதேன்னு நெனச்சு நாலு நாள் தள்ளி வரச் சொன்னேன். அது ஒதவி இல்ல. அந்த விலை மொத நாளே அவருக்கு உள்ளது. அவருக்கு உள்ளதை அவருகிட்ட சொல்ல எனக்கு தைரியம் இல்ல, அவ்வளவுதான். விலைய நான் ஒட்டுனது நீங்க சொல்லித்தான். வாயத் திறக்காம இருந்தது நானே."

பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"நீங்களும் கேளுங்க. எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டியத் திருப்பி, அச்சடிச்ச விலையப் பாத்துக் கேளுங்க. அது யாரும் நமக்குப் போடுற பிச்சை இல்ல. நாம கேக்காம விடுற ஒவ்வொரு ரூவாய்க்கும் எங்கனயோ ஒருத்தன் பிரேக் இல்லாம எறக்கத்துல வந்துக்கிட்டிருக்கான்."

விவசாயி கையிலிருந்த பெட்டியை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.