காலி மாடி

வனஜாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பாய் விரிக்கிற அளவு தரை. பெங்களூர் மர்பி டவுனில் பெரியம்மா வீட்டின் ஒற்றை அறையில் ஆறு பேர்; தாளை விரித்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். சிவாஜிநகர் பஸ் நிலையம் முழுவதையும் ஒரே நீளத் தாளில் வரைய அவளுக்கு ஆசை.

அதனால்தான், தொண்ணூற்றேழில் திருப்பத்தூரிலிருந்து வந்த கையோடு ஒரு கலைக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா அது. சனிக்கிழமை மாலைகளில் கீழ்க்கூடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து வரையலாம்.

முதல் நாள் தாளைப் பாதிதான் விரித்திருப்பாள். காவலாளி நஞ்சப்பா கை தட்டிக்கொண்டு வந்தார்.

"காலி மாடி, காலி மாடி!"

நாடகக்காரர்கள் ஒத்திகைக்காக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வரைந்துகொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். மாடி காலியாக இருக்கிறது, அங்கே போகச் சொல்கிறார் என்று வனஜா புரிந்துகொண்டாள். மற்றவர்கள் வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஏன் என்று கேட்கக் கூச்சம். தாளைச் சுருட்டிக்கொண்டு மரப்படி ஏறினாள்.

மேலே நீள அறை. உயரமான ஜன்னல்கள், பலகைத் தரை, மூலையில் கால் உடைந்த நாற்காலிகள். தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு வாராவாரம் அதே கைதட்டல், அதே மாடி. தாளில் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

ஒரு மாலை மைப்புட்டி கவிழ்ந்தது. பலகை இடுக்கு வழியே சொட்டிய மை, கீழே ஒத்திகையில் வசனம் பேசிக்கொண்டிருந்த ராஜா வேஷக்காரரின் தலையில் விழுந்தது. நஞ்சப்பா மேலே ஓடிவந்தார். பின்னாலேயே கலைக்கூடத்தை நடத்தும் ஹெலன்.

"யாரும்மா உன்ன இங்க விட்டது?"

"இவர்தான் மேடம். வாரா வாரம் சொல்றாரே, காலி மாடின்னு."

ஹெலன் ஒரு கணம் விழித்தார். பிறகு ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப் பொண்ணே! கன்னடத்துல மாடின்னா 'செய்யுங்க'ன்னு அர்த்தம். எடத்தக் காலி பண்ணுங்கன்னு மனுஷன் தொரத்துறாரு, நீ குடியேறிட்ட!"

வனஜா குனிந்து தாளைச் சுருட்டத் தொடங்கினாள்.

"பழைய தரைம்மா. உடைஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது? அதான் யாரையும் விடறதில்ல" என்றார் ஹெலன்.

சுருட்டிய கை நின்றது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்த இடம் போய்விடும்.

"ஜன்னலோரப் பலகைங்கதான் மேடம் மழையில இத்துப்போயிருக்கு. மத்தது கெட்டியா இருக்கு. ஒரு தச்சரக் கூப்பிட்டுக் காட்டுங்களேன். எனக்கு வேற எடம் இல்ல."

"சரி, காட்டறேன். ஆனா நல்லாருந்தா உனக்கு மட்டும் தர முடியாது. எல்லாரும் வருவாங்க."

வனஜா தலையாட்டினாள்.

தச்சர் வந்து பலகைகளை மாற்றிய பின் வந்த சனிக்கிழமை, மாடி நிறைந்துவிட்டது. வனஜா தன் தாளைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பெர்னதெத் என்ற அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த பஸ் எங்க போவுது?"

"இன்னும் போர்டு எழுதலீங்க."

"ஆனேக்கல்னு போடு. எங்க ஊரு."

"எனக்குக் கன்னடத்துல எழுதத் தெரியாதுங்களே."

வனஜா பேனாவை மையில் தொட்டு அவரிடமே நீட்டினாள்.