நீல நிழலில் ஒரு பப்பாளி

கிழக்கே அலைகள் வெண்ணுரை சிந்தி மணலைத் தழுவி மீள, மேற்கே செங்கற்பட்டுக் குன்றுகள் வெயில் மூட்டத்தில் மங்கித் தோன்ற, சவுக்குத் தோப்பின் ஓசையைச் சுமந்துவந்த காற்று கற்றளிகளின் முகத்தைத் தடவிச் செல்லும் இளங்காலையில், மாமல்லபுரத்துக் கடற்சாலையை ஒட்டிய ஓவியக்கூடம் தன் கதவுகளைத் திறந்தது. கலைநயம் அறிந்த அன்பரே, அக்கூடத்தின் கடைக்கோடியில், தூணொன்றின் பின்னே தொங்கிய ஓவியத்தின் கதை இது.

அதை வரைந்தவள் ஜாய்ஸ். புதுப்பட்டினத்துச் சந்தையில் கணவன் ஜெபசிங்கோடு பழக்கடை நடத்துபவள். செவ்வாழைச் சீப்பும், நாவற்பழக் குவியலும், இரண்டாய்ப் பிளந்த பப்பாளியும் அதில் இருந்தன. கடைக்கு மேலே கட்டிய நீலத் தார்ப்பாயின் ஊடே வடிந்த வெயில் செவ்வாழையைக் கருஞ்சிவப்பாக்கி, நாவலின் தோலில் கடல்நிறம் பூசிக் கிடக்க, தார்ப்பாயின் கிழிசலில் நுழைந்த ஒற்றைக் கதிர் மட்டும் பப்பாளியின் மேல் பொன்னென இறங்கி, அதன் ஈர விதைகளைத் தனித்தனியே மின்னச் செய்திருந்தது.

பத்து நாள் முன்பு, கூடத்தின் பொறுப்பாளர் திருவேங்கடம் அதை நெடுநேரம் நோக்கியிருந்து, “நல்லாத் தேர்ந்த கைதாம்மா உங்களுக்கு. ஆனா இந்த நீலத்துல பழம் வாடினாப்பல தெரியுது. சன்னல் வழியா காலை வெயில் விழற மாதிரி மாத்திக் குடுங்க. வாசல்லயே மாட்டிடறேன்” என்றார்.

அதுவே அவள் ஓவியம் இடம்பெறும் முதற் கண்காட்சி. வாயிற்சுவரின் மேல் ஒருகணம் அவள் கண் சென்று மீண்டது.

“எங்க கடையில சன்னல் இல்லீங்க ஐயா. எங்க பழத்துக்கு இந்த வெளிச்சந்தான் கீது.”

அவரும் வற்புறுத்தவில்லை, ஓவியம் தூணுக்குப் பின்னே போயிற்று. திறப்பு நாளன்று வந்தோர் எல்லாம் முன்சுவர்களைக் கண்டு மகிழ்ந்து, அத்தூணைத் திரும்பியும் பாராது வெளியேறினர். மாற்றியிருக்கலாமோ என்று எழுந்த எண்ணத்தை அடக்கியவளாய், நண்பகல் வரை அவள் தன் ஓவியத்தருகே தனித்து நின்றாள்.

அப்போது சந்தைப் பெண்டிர் அறுவர், பூக்கூடைக்காரி எல்லம்மாள் முன்னே வர, ஒரே ஆட்டோவில் வந்திறங்கினர். ஓவியத்தின்முன் நின்ற எல்லம்மாள் கண்களைச் சுருக்கினாள்.

“இன்னாடி ஜாய்ஸ், இது நம்ம மூணு மணி வெயிலாச்சே. அப்பத்தான கிழிசல் வழியா உன் கடையில எறங்கும்?” என்றவள், இன்னும் குனிந்து, “இந்தப் பப்பாளிய இன்னிக்கே வித்துடு. நாளைக்குத் தாங்காது” என்றாள்.

சிரிப்பொலி கேட்டு மற்றவரும் அங்கே திரண்டனர். திருவேங்கடம் கூட்டத்தை விலக்கி முன்வந்து, முதன்முறை காண்பவர்போல அவ்வொளியைக் கண்டு நின்றார்.

“மணியக்கூடச் சொல்லிட்டாங்களே. நாந்தாம்மா சரியாப் பாக்கல. வாங்க, வாசல்ல மாட்டிடலாம்.”

“இங்கியே இருக்கட்டுங்க ஐயா. பாக்கறவங்க வந்துகினுதான கீறாங்க.”

பணிவோடு சொன்னாளாயினும் அவள் தலை தாழவில்லை. கடையை மூடிவிட்டு வந்துசேர்ந்த ஜெபசிங் அவளருகே நின்றுகொண்டான். நாள்தோறும் தம் தோளிலும் கையிலும் விழுந்த வெயில் இத்துணை எழிலுடையதென அன்றுதான் கண்ட அப்பெண்டிர், கடைக்குத் திரும்பும் நினைவின்றி நின்றனர். கனி இரு பகலில் கெடும். கதிர் ஒரு நாழிகையில் நகரும். தமக்கு வாய்த்த ஒளியை நாணாது காட்டியவரின் பெருமிதமோ, கண்டவர் நெஞ்சிலும் குடியேறி நெடுங்காலம் வாழும்.