ராசியான சிரிப்பு

இயக்குநர் குளிக்கப் போனால் அந்த நேரத்தில் ஒரு பட்டாளமே குளித்துவிட்டு வந்துவிடும். தண்ணீர் தலையில் விழும்போதுதான் நகைச்சுவை தோன்றும் என்பது அவர் கட்சி. கடைசியாக அப்படித் தோன்றியவை மூன்று படங்களாகின. மூன்றும் சுவரொட்டியின் பசை காய்வதற்குள் பெட்டிக்குள் சுருண்டுகொண்டன. அதற்காக மனிதர் குளிப்பதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவர் உள்ளே இருந்த ஒரு காலையில் சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அவருடைய போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

"சார், ஸ்டூடியோலருந்து பேசறேன்."

ஒலிப்பதிவுக்காரப் பெண். இயக்குநரின் பழைய படம் ஒன்றைப் புதுப்பித்து மறுபடியும் திரைக்குக் கொண்டுவரப் போகிறார்கள். அவர் எடுத்ததிலேயே அதிகம் ஓடிய படம் அது. அதன் சத்தத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிற வேலை இந்தப் பெண்ணிடம்.

"சார் குளிக்கிறாரும்மா. என்ன சொல்லணும்?"

"ஒரு சின்ன விஷயம்தான்க்கா. அந்த 'வந்துட்டாரு' சீன்ல வசனத்துக்குப் பின்னாடி யாரோ ஒரு லேடி சிரிக்கிறாங்க. அந்த சீன்ல லேடியே கிடையாது. அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிடவா, இல்ல சார் வேணும்னே வச்சதா? கேட்டுச் சொல்றீங்களா?"

"எப்படிச் சிரிக்கிறாங்க?"

"எப்படின்னா... மொதல்ல மூக்கால ஒரு இழுப்பு. அப்புறம் மாடிப்படியில பாத்திரம் உருளுமே, அந்த மாதிரி. நல்ல சிரிப்புதான்க்கா. கேட்டா நமக்கும் தொத்திக்குது."

அவள் போனை மேசைமேல் வைத்தாள். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூக்கால் இழுத்து, மாடிப்படியில் பாத்திரம் உருட்டுகிற அந்தச் சிரிப்பு ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு.

அது படத்துக்குள் முதல் தடவை போனது ஒரு தவறால். இயக்குநரின் முதல் படத்துக்குக் குரல் பதிவு நடந்துகொண்டிருந்தபோது அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் பின்வரிசையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமையல்காரராக நடித்தவர் வசனம் பேச, இவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. வசனத்தோடு சிரிப்பும் பதிவாகிவிட்டது. மறுபடி பேச அந்த நடிகருக்கு நேரமில்லை. அப்படியே விட்டார்கள். தியேட்டரில் பார்த்தால், அந்த இடம் வந்ததும் பக்கத்தில் யாரோ சிரிப்பதாக நினைத்துக்கொண்டு ஒட்டுமொத்தக் கூட்டமும் சிரித்தது. படம் ஓடியது.

சினிமாக்காரர்கள் சும்மா இருப்பார்களா. ஒரு படம் ஓடிவிட்டால் அன்று படப்பிடிப்பில் குறுக்கே போன பூனைக்குக்கூட அடுத்த படத்தில் இடம் உண்டு. அவள் சிரிப்பு ராசியான சிரிப்பு என்று முடிவாயிற்று. ஆனால் சிரி என்றால் அவளுக்குச் சிரிக்க வராது. அதனால் இயக்குநர் ஒவ்வொரு காட்சியையும் அவளுக்குப் படித்துக் காட்டினார். துணி மடிக்கும்போது, விளக்கை அணைக்கும்போது, பின்னாலேயே காகிதத்தோடு வந்தார். அவள் சிரிக்காத இடத்தைப் பேனாவால் அடித்தார். சிரித்த இடத்தின் குரல் பதிவுக்கு அவளையும் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அடுத்த இரண்டு படங்களும் சக்கைப்போடு போட்டன. தன் முதல் தியேட்டர் வீட்டில்தான் இருக்கிறது என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டார்.

நாலாவது படத்தில்தான் வந்தது வினை.

அப்போது அவளுடைய தம்பி அவர்களோடு இருந்தான். அச்சகத்தில் வேலை. அவனுக்குப் பேச்சு திக்கும். வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் கடிகாரம் மாட்டுவதற்காக இவள் நாற்காலி மேல் ஏறிச் சுத்தியலும் கையுமாக நிற்க, தம்பி ஜன்னலில் காவல் நின்றான். வீட்டுக்காரர் படியேறுவதைப் பார்த்துவிட்டு "வர்றாரு" என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு 'வ' என்ற எழுத்திலேயே நின்றுவிட்டது. அவன் மூச்சைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். தம்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலக்கணம் பிசகாமல், "வந்துட்டாரு" என்றான். வீட்டுக்காரருக்கே சிரிப்பு தாங்கவில்லை. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் தம்பி.

சாயங்காலம் அதைக் கணவரிடம் சொன்னது அவள்தான். எத்தனையோ வருஷம் அவள் தன்னையே நொந்துகொண்டது அதற்காகத்தான்.

சில மாதத்தில் இயக்குநர் காகிதத்தோடு வந்தார். ஒரு திருட்டுக் கும்பல். அதற்குக் காவல் நிற்பவன் திக்குவாயன். படம் முழுக்க "வ... வ..." என்று நிற்பான், போலீஸ் வந்த பிறகு "வந்துட்டாரு" என்பான். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். சிரிக்கவில்லை.

"இது வீட்டுக்குள்ள சிரிச்சது. வெளிய விடாதீங்க."

"உன் தம்பியே விழுந்து விழுந்து சிரிச்சான்னு நீதானே சொன்ன?"

"அவன் சிரிச்சது அவனோடது. அத எடுத்து நீங்க ஊருக்குக் குடுக்க முடியாது."

அவர் அந்தக் காட்சியை அடிக்கவில்லை. அவள் குரல் பதிவுக்குப் போகவில்லை. தியேட்டருக்கும் போகவில்லை. பிற்பாடு தொலைக்காட்சியில் வந்தபோதெல்லாம் எழுந்து போய் வேறு சேனல் வைத்தாள். படமோ ஓடு ஓடு என்று ஓடியது. வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால், மேலாளர் அலுவலகத்துக்குள் நுழைந்தால், தெருமுனையில் பஸ் திரும்பினால், எல்லார் வாயிலும் "வ... வ... வந்துட்டாரு". அச்சகத்தில் தம்பியின் பெயர் போய் அதுவே பெயராயிற்று. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

கணவர்மேல் கோபம் என்றால் அவளுக்குப் புரியும். ஆனால் அவன் அவளையும் சேர்த்து ஒதுக்கினான். நல்லது கெட்டதுக்கு மட்டும் போன். "சரிக்கா", "வைக்கிறேன்க்கா", அவ்வளவுதான். உனக்காக இந்த வீட்டில் சண்டை போட்டேனடா, அந்தப் படத்தை இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லையடா என்று அவள் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா என்று ஒரு வீறாப்பு.

ஸ்டூடியோ அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் நெடுகக் கம்பளித் துணி. ஒலிப்பதிவுக்காரப் பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் சத்தமெல்லாம் பச்சைக் கோடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்களே வந்துட்டீங்களாக்கா? இதோ, இந்த மேடு இருக்கு பாருங்க. இதுதான்."

"போடும்மா."

"வ... வ..." என்று நடிகரின் குரல். வந்துட்டாரு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மூக்கால் ஒரு இழுப்பு. பிறகு பாத்திரங்கள் உருண்டன.

"இன்னொரு தடவ போடு."

நாலைந்து தடவை கேட்டாள். இளம் வயதுச் சிரிப்பு. அதில் ஒரு கபடும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கதவு திறந்தது. தலைகூடச் சரியாகத் துவட்டாமல் இயக்குநர் வந்து நின்றார். போனில் கடைசியாக வந்த அழைப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஒலிப்பதிவுக்காரப் பெண் இருவரையும் பார்த்துவிட்டு, "டீ சொல்லிட்டு வரேன்" என்று நழுவினாள்.

"இது மொதப் படத்துச் சிரிப்பு" என்றாள் அவள். "அந்தச் சமையல்காரர் வசனத்துக்குச் சிரிச்சது."

"ஆமா." அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீ வரமாட்டேன்னுட்ட. ராசிய விடாதீங்கன்னு தயாரிப்பாளர் ஒரு பக்கம் உயிர வாங்கினார். பழைய டேப் கையில இருந்துச்சு. வெட்டி ஒட்டினேன்."

"எங்கிட்ட சொல்லல."

"நீ பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. பாக்கவே மாட்டேன்னுட்ட."

பார்க்காமல் இருந்ததுதான் தம்பிக்குச் செய்த பெரிய காரியம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"அவன் பாத்தானா?"

அவர் ஈரத் தலையைத் தடவினார். "நான்தான் கூட்டிட்டுப் போனேன். மொதக் காட்சிக்கு. நீதான் இதப் பெருசு பண்றே, நேர்ல பாத்தா அவனே சிரிப்பான்னு நெனச்சேன். பக்கத்துலதான் உக்காந்திருந்தான். அந்த எடம் வந்ததும் திரும்பி என்னப் பாத்து, 'அக்காவா?'ன்னான்."

"நீங்க?"

"ஆமான்னு தலையாட்டினேன். சந்தோஷத்துல கேக்கறான்னு நெனச்சேன்."

அவள் வெளியே தாழ்வாரத்துக்குப் போய், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, யாருக்கு என்ன?" என்றான். நல்லதும் கெட்டதும் இல்லாமல் அவள் கூப்பிட மாட்டாளே.

எல்லாவற்றையும் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. சமையல்காரர், சாத்தாத கதவு, டேப், ராசி. "உன்னப் பாத்துச் சிரிக்கலடா. அந்தப் படத்த நான் இன்னிவரைக்கும் பாக்கலடா."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம். அவன் பேச்சு எந்த எழுத்தில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே அவளும் நின்றாள். எடுத்துக் கொடுக்கவில்லை.

"நீ சிரிச்சப்புறம்தான்க்கா ஹால் சிரிச்சுது" என்றான். "அதுவரைக்கும் எல்லாரும் சும்மாதான் இருந்தாங்க."

"அத எடுத்துடச் சொல்றேன்டா. இப்பவே."

"எடுக்கச் சொல்லு. ஆனா எனக்குக் கேட்டுடுச்சேக்கா. நீ சொல்றத நம்பறேன். மனசுதான் ஒதுங்கியே பழகிப்போச்சு" என்றான். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டும் உடனே வைக்கவில்லை. இயந்திரத்தின் சத்தம் ஐந்தாறு மூச்சுக்குக் கேட்டது. பிறகு நின்றது.

ஒலிப்பதிவுக்காரப் பெண் அந்த மேட்டைத் துடைத்தாள். ஒரு சொடுக்குப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

படம் மறுபடி வெளியான அன்று தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. இயக்குநரின் புதிய படங்களை எட்டிப் பார்க்காத கூட்டம், பழையதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கத்தில் விநியோகஸ்தர் இயக்குநரின் தோளில் கைபோட்டார்.

"பாத்தீங்களா கூட்டத்த? 'வந்துட்டாரு' ரெண்டாம் பாகம். நீங்க ம்னு சொல்லுங்க, நாளைக்கே பூசை போட்டு ஆரம்பிச்சிடலாம்."

"பாக்கலாம்" என்றார் இயக்குநர். மூன்று தோல்விக்குப் பிறகு அவர் தோளில் யாரும் கைபோட்டதில்லை. சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை.

அவள் முதல் முறையாக அந்தப் படத்துக்குள் உட்கார்ந்தாள். சிரிப்பை எடுத்துவிட்டதால் அந்த இடத்தில் கூட்டம் சும்மா இருந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை அவளுக்கு. இருந்துவிட்டால் தம்பியிடம் சொல்லலாம்.

காட்சி வந்தது. நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. ஹால் முழுக்க ஒரே குரலாக "வ... வ... வ..." என்று திக்கியது. முன்வரிசையில் ஒரு அப்பா மகளைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு திக்கினார். வந்துட்டாரு என்று எல்லாரும் சேர்ந்து முடித்தபோது சிரிப்பு கூரையைத் தொட்டது. அவள் சிரிப்பு அதில் இல்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அது தன் வேலையை என்றைக்கோ முடித்துவிட்டிருந்தது.

ஆனால் திரையில் அந்த நடிகர், வாசலில் நிற்கும் போலீஸை ஒரு பார்வை பார்த்தார். அச்சு அசலாகத் தம்பி பார்த்த பார்வை. எப்படித்தான் பிடித்தாரோ. நாற்காலி, சுத்தியல், வாசலில் வீட்டுக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அவன், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்துவிட்டது. அவளுக்கு மூக்குக்குள் அந்த இழுப்பு கிளம்பியது. கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். பாத்திரங்கள் உருளாமல் தொண்டையிலேயே நின்றன. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

இத்தனை இரைச்சலிலும் இயக்குநருக்கு அந்த ஒரு இழுப்பு கேட்டுவிட்டது. சட்டென்று திரும்பினார். முன்பெல்லாம் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பாரே, அதே பார்வை. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த ஆள் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். அவள் ம் என்றால் போதும், நாளைக்கே ரெண்டாம் பாகம்.

"ஜலதோஷம்" என்றாள் அவள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.