அண்ணன் வீட்டுக் காற்று

என் ஸ்போர்ட்ஸ் கார் மூச்சிழுக்கும் குழாயின் ஒரு முனை கோயம்புத்தூரில் வண்டிக்குள் இருக்கிறது. மறு முனை குன்னூரில் என் அண்ணன் வீட்டுப் பின்புறம், கேரட் பாத்தியின் ஓரத்தில் இருக்கிறது.

இதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரே மடக்கில் நிறைய உள்ளே போகும், பெட்ரோல் முழுசாக எரியும், எஞ்சின் நன்றாக இழுக்கும். சித்திரை மாதத்துக் கோயம்புத்தூர்க் காற்றைக் குடித்துப் பந்தயம் ஓட்டினால் பால்காரர்கூட முந்திப் போய்விடுவார். மற்ற ஊர்களில் பம்பருக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைத்து, அதில் பளபளவென்று ஒரு குழாயைச் சொருகித் திருப்திப்பட்டுக்கொள்கிறார்களாம். எங்கள் மெக்கானிக் ஜெயசீலனுக்கு அந்த மாதிரி அரைகுறை வேலை பிடிக்காது. குளிர்ந்த காற்று வேண்டுமென்றால் குளிருகிற ஊரிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, குழாயை மேட்டுப்பாளையம் வழியாக மலையேற்றினார். காரமடையில் அது ஒரு வீட்டுக் கூடத்தின் நடுவே போகிறது. அவர்கள் அதில் துணி காயப்போடுகிறார்கள். ஈரத்துணி போட்டால் குழாய் இன்னும் குளிரும் என்பதால் நானும் கண்டுகொள்வதில்லை.

பந்தயம் ஓட்டுகிற எல்லோருக்கும் இப்படி மலைமேல் ஒரு சொந்தம் உண்டு. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சம்பத் மாமியார் வீட்டுக் கொடைக்கானல் காற்றில் ஓட்டுகிறான். இப்போதெல்லாம் பெண் பார்க்கப் போகிறவர்கள் நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், வீடு கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று கேட்டுவிடுகிறார்கள்.

என் அண்ணன் கிட்டுசாமி குன்னூரில் வர்க்கி சுடும் பேக்கரி வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே குழாயின் வாயை ஈரத்துணியால் துடைப்பார். என்மேல் பிரியம் பொங்குகிற நாளில் ஒரு யூகலிப்டஸ் தைல இலையைக் கசக்கி அதன் வாயில் வைப்பார். அன்றைக்கு வண்டி சிங்காநல்லூர் நெரிசலில்கூட வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் என்னைத் தூக்கிச் சுமந்தவர் அவர்தான்.

என் மகள் நிரஞ்சனாவுக்குக் காது குத்த நாள் குறித்தோம். மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் காது குத்துகிற வழக்கம் கிடையாது. பந்தயத்தளத்துக்கு எதிரே இருக்கும் மாரியம்மன் கோயிலில், பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் தண்டபாணி சொன்னார். அவர் நல்ல மனிதர். குடும்பத்தை இரண்டாக்குகிற காரியங்களை நல்ல மனிதர்கள்தான் செய்கிறார்கள். அண்ணனுக்கு அழைப்பை வாட்ஸப்பில் அனுப்பி, கீழே கும்பிடுகிற கை ஒன்றையும் போட்டுவிட்டார்.

மறுநாள் வண்டி கணபதி பாலத்தின் பாதியில் நின்றுவிட்டது. ஜெயசீலன் வந்து குழாயில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"பைப்புல அடைப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மேல யாரோ உள்ளங்கைய வெச்சுப் பொத்திட்டு உக்காந்திருக்கறாங்க" என்றார். "வலது கைங்க. மோதரம் தட்டுது."

அண்ணிக்குப் போன் போட்டேன். ஆமாம், நேற்று மாலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், வலது கை வேலையாக இருப்பதால் சோற்றை நான்தான் ஊட்டிவிடுகிறேன் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தண்டபாணி பக்கத்தில் இருந்ததால் அவர்மேல் காட்டினேன்.

செய்தி பரவி, சம்பத் வீடு தேடி வந்தான். தன் குழாயில் ஒரு கிளை பிரித்துக் கொடைக்கானல் காற்றில் பாதியைத் தருவதாகச் சொன்னான். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். பங்காளி காற்றில் ஓட்டுகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை என்று காபி கொடுத்து அனுப்பினேன். தாராபுரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக் காற்றை வைத்துப் பார்த்தோம். வண்டி கொட்டாவி விட்டது.

வேறு வழியில்லை, முறைப்படி நேரில் போய் அழைக்க வேண்டியதுதான். சாவியைத் திருகிக்கொண்டே ஆக்சிலேட்டரில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும்படி ஜெயசீலனிடம் சொல்லிவிட்டு, தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு சகிதமாகப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஜன்னலோரம் எங்கள் குழாய் கூடவே வந்தது. சப்பிப்போய்க் கிடந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது.

அண்ணன் பாத்தி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. "வாங்க, உக்காருங்க" என்றார். வா அம்மணி என்று கூப்பிடுகிற வாய், யாரோ பிஸ்கட் வாங்க வந்தவளிடம் பேசுவதுபோல் பேசியது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

தண்டபாணி தட்டை நீட்டினார். தாம்பூலத் தட்டை ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதை இல்லை. அண்ணன் தட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பத்திரிகையே வேண்டாம் அம்மணி. வாசல்ல நின்னு அண்ணான்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா, பேக்கரிய அப்படியே போட்டுட்டு வந்திருப்பேன்."

"அண்ணா" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கினார். அத்தனை நாள் மூச்சையும் குழாய் ஒரே இழுப்பாக இழுத்தது. தட்டில் இருந்த வெற்றிலையும் ஒரு பழமும் அதோடு போயின. கொஞ்ச நேரத்தில் ஜெயசீலன் போன் செய்தார். வெற்றிலை வந்து சேர்ந்தது, எஞ்சின் அருமையாகப் பாடுகிறது என்றார்.

சமாதானம் ஆன பிறகுதான் சிக்கலே தெரிந்தது. குழாயின் வாயை ஆளில்லாமல் விட முடியாது. அந்தப் பக்கம் காட்டெருமைகள் வரும். ஒன்று வந்து குழாய்க்குள் ஒரு பெருமூச்சு விட்டால் எஞ்சின் வெந்துவிடும். அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமை அடுப்பை விட்டு நகர முடியாது. அண்ணன் யோசித்துவிட்டு, தானே நின்று குழாயைப் பிடித்துக்கொள்வதாகவும் நான் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். காது குத்துவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது தண்டபாணி, வேண்டுமானால் சம்பத் மடியில் உட்கார வைக்கலாமா என்று கேட்டார்.  நான் சொன்ன பதிலுக்குப் பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தைல இலையோடு துளசியும் போட்டிருந்தார். வண்டி பறந்தது. கடைசிச் சுற்றில் சம்பத் எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் தும்மிக்கொண்டு வந்தான். கடைசி வளைவில் கோயில் பந்தல் தெரிந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டுப்பாவாடையோடு என் மகள் ஒரு காலி நாற்காலியின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

குழாயைத் தளர்வாக விட்டுத்தான் வண்டி ஓட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. மேலே பிடித்திருப்பவர்கள் பெரியவர்கள், விழுந்துவிடுவார்கள். நான் வளைவில் திரும்பாமல் தளத்தை விட்டு வெளியே வந்து, நேராகப் பொள்ளாச்சி ரோட்டில் விட்டேன். பின்னால் சம்பத்துக்குக் கொடி அசைத்தார்கள். கிணத்துக்கடவில் குழாய் விறைத்தது. மிதித்தேன். அண்ணன் குன்னூரிலிருந்து கிளம்புவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. அவர் இறங்க இறங்கக் காற்று பக்கத்தில் வந்தது, அதனால் வண்டி இன்னும் வேகமெடுத்தது, அதனால் அவரும் சீக்கிரம் இறங்கினார். உடுமலையைத் தாண்டிப் பழனி மலை கண்ணில் படும்போது தண்டபாணி போன் செய்தார்.

"மச்சான் வந்துட்டாரு" என்றார். "திரும்பி வா, நல்ல நேரம் இன்னும் இருக்குது."

திரும்பி வந்தேன். நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், மடியில் நிரஞ்சனா. வேட்டியில் கேரட் பாத்தி மண் அப்பியிருந்தது. குழாய் இன்னும் கையில் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை அலறினாள். அண்ணன் குனிந்து அவள் காதில் ஊதினார். குன்னூர்க் காற்று, வலி தெரியவில்லை. அடுத்த காதை அவளே திருப்பிக் காட்டினாள். நான் என் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோப்பையை யார் வாங்கினார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"உங்கண்ணன் பத்தரமா இருக்கட்டும்னு பைப்ப நீளக் கயித்துல ஜன்னல் கம்பியோட சேத்துக் கட்டி வெச்சிருந்தாரு அம்மணி. வீடு இப்ப காரமட ரயில்வே கேட்டுல நிக்குது. பின்னாடி பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்கறாங்க. அடுப்புல வர்க்கி வேற வெந்துட்டிருக்குது. ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தியானா நானும் பந்திக்கு வந்துருவேன்."

இலையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, போய் வண்டியை எடுத்தேன்.