ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தவர்

பல் டாக்டர்களின் நாற்காலியைப் பழுது பார்ப்பவருக்கு ஊர் ஊராகப் போவதுதான் பிழைப்பு. நாற்காலி சாய மறுத்தாலும், சாய்ந்தது நிமிர மறுத்தாலும், கம்பெனி அவரைத்தான் அனுப்பும். பையில் ஸ்பானர்கள், எண்ணெய்க் குப்பி, ஒரு மாற்றுச் சட்டை. இப்படி அலைந்தே தலை நரைத்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீடு என்பது சட்டைப் பையில் கிடக்கும் ஒரு சாவி அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

கம்பெனி கொடுக்கும் சாப்பாட்டுப் படி யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே எந்த ஊரிலும் மலிவாகச் சாப்பிடும் வித்தையை அவர் கற்று வைத்திருந்தார். பஸ் நிலையத்துக் கடையில் குழம்பு சூடாக இருக்கும். மறுநாள் வயிறு அதைவிடச் சூடாக இருக்கும். நல்ல ஓட்டலுக்குள் நுழைந்தாலோ, "எத்தனை பேர் சார்?" என்று கேட்பார்கள். "ஒருத்தன்தான்" என்றதும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜையைக் காட்டுவார்கள். விலையையாவது பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். அந்த மேஜையை அவரால் தாங்க முடிவதில்லை.

அதனால் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போவார். சோறு சுத்தம், விலை குறைவு. அங்கே யாரும் தனியாகச் சாப்பிடுகிறவனை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவர் சாம்பார் வாளியை நகர்த்தி வைத்தபடி, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்பார். அக்காவுக்கு, மாமாவுக்கு என்று இவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். "சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று பதில் வரும். அந்த ஒரு வார்த்தை அவருக்கு இரண்டு ஊர் தாங்கும். நோயாளிகளோடு இருப்பவர்களின் சோற்றைச் சாப்பிடுகிறோம் என்று மனம் உறுத்தாமலில்லை. சாப்பிட்டு எழும்போதெல்லாம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

இந்த ஊர் கேன்டீனில் டோக்கன் கொடுப்பவர் கொஞ்சம் கறார்.

"நோயாளி கூட இருக்கறவங்களுக்கு மட்டும்தான். எந்த வார்டு?"

வரும் வழியில் அம்புக்குறி போட்ட பலகையைப் பார்த்திருந்தார். "எலும்பு வார்டு."

"கட்டில்?"

எந்த வார்டிலும் ஜன்னல் இருக்கும். "ஜன்னலோரக் கட்டில்."

டோக்கன் கைக்கு வந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அடப்பாவி மனுஷா! அந்தப் புள்ள நீங்கதானா?"

வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மாள், தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அடுத்த கட்டில்தான். 'என் பையன் வருவான், என் பையன் வருவான்'னு உங்கப்பா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு. நீங்க என்னடான்னா பெத்தவரப் பாக்கறதுக்கு முன்னாடி சோத்தப் பாக்க வந்துட்டீங்க! நல்லாருக்குண்ணே, நல்லாருக்கு!"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் ஏய்த்துச் சாப்பிட வந்தவன். சொல்லாவிட்டால் பெற்றவரை மறந்தவன். எந்தப் பட்டம் இலேசு என்று அவர் யோசிப்பதற்குள் அந்த அம்மாள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள். தொழிலே அந்தப் பைக்குள் இருந்தது. சாயங்காலம் அடுத்த ஊர் பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு முதியவர் சாய்ந்திருந்தார்.

"பெரியவரே, உங்க மகன் வந்தாச்சு! கேன்டீன்ல பதுங்கிட்டிருந்தாரு, கையோட புடிச்சுட்டு வந்துட்டேன்."

வார்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. முதியவர் இவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "யார் இவன்?" என்ற கேள்வி இதோ வரப்போகிறது என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?" என்றார் முதியவர்.

இவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"வேலை, வேலை, எப்பப் பாத்தாலும் வேலை! கை ஒடிஞ்சு கெடக்கறேன், எட்டிப் பாக்க உனக்கு இவ்வளவு நாளா? தலையப் பாரு, எண்ணெய் வெக்கறதே இல்லையா? ஏன் இப்படி எளச்சுப் போயிருக்க? சாப்பிட்டியா இல்லையா?"

"இல்ல... இல்லப்பா" என்றார். அது பல வருஷமாக அவர் வாயில் வராத சொல்.

"நல்லா கேளுங்க பெரியவரே!" என்று சொல்லிவிட்டு, இவர் கையிலிருந்த டோக்கனையும் வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் கீழே இறங்கினாள். எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். முதியவர் குரலைத் தாழ்த்தினார்.

"யாருப்பா நீ?"

நாற்காலித் தொழிலிலிருந்து டோக்கன் வரை இவர் மறைக்காமல் சொன்னார். கேட்கக் கேட்க முதியவரின் வயிறு குலுங்கியது. சிரித்தால் கை வலிக்கும் என்று மாவுக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வேளை சோத்துக்கு என் புள்ளையாயிட்டியா!"

"மன்னிச்சிடுங்க ஐயா. உங்க மகன் வரும்போது..."

"எனக்கேது மகன்? நான் கல்யாணமே பண்ணிக்கல." முதியவர் ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். "இங்க வந்த அன்னைக்கு, பாத்துக்க யார் வருவாங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. யாருமில்லன்னு சொல்ல வாய் வரல. பையன் வருவான்னுட்டேன். அப்புறம் தெனமும் அவனுக்கு ஒரு சாக்கு தேட வேண்டியதாப் போச்சு. லீவு கெடைக்கல, பஸ்ஸ விட்டுட்டான், சளிக் காய்ச்சல்... இல்லாத புள்ளைக்கு நான் பட்ட பாடு, இருக்கிற புள்ளைக்கு எவனும் பட்டிருக்க மாட்டான்."

மற்றக் கட்டில்களில் சம்சாரங்களும் அண்ணன் தம்பிகளும் தட்டுகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரித் தட்டு இங்கேயும் வந்தது. முதியவர் இடது கையால் ஸ்பூனைத் தேடிய விதத்திலேயே, இத்தனை நாளும் பாதிச் சோறு படுக்கையில்தான் கொட்டியிருக்கும் என்று தெரிந்தது. இவர் கை கழுவிக்கொண்டு வந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினார்.

"மெதுவாடா. நாற்காலிக்கு எண்ணெய் விடற மாதிரி விடறியே!"

கீழே போன அம்மாள் திரும்பி வந்து, இவருக்கான சாப்பாட்டுப் பொட்டலத்தை முக்காலியில் வைத்தாள். "கோவத்துல நாலு வார்த்த பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. ஒரு அப்பளம் கூடக் கேட்டு வாங்கியாந்திருக்கேன்" என்றாள். இவர் அதைச் சாப்பிட்டார். எத்தனையோ ஊர் கேன்டீன்களில் சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது.

"கெளம்புடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. பொழப்பப் பாரு" என்று முதியவர் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு மெல்ல, "நீ இனிமே வராட்டியும் பரவால்லப்பா. எனக்கும் ஒருத்தன் இருக்கான்னு எல்லாரும் பாத்துட்டாங்க. அது போதும்" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்களை மூடிக்கொண்டார்.

இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மூடிய இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. தூக்கம் வந்தவனின் இமை அப்படித் துடிக்காது. இவருக்கும் விடுதி அறைகளில் அப்படிக் கண்ணை மூடிப் படுத்துப் பழக்கம் உண்டு. ஆண்டவன் ஒருவனைப் பசியோடு ஓர் இடத்துக்கு அனுப்பினால் சோற்றுக்காக மட்டும்தான் அனுப்புகிறான் என்று யார் கண்டது?

நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "கூட ஒருத்தர் தங்கலாம். ஜன்னலோரக் கட்டிலுக்கு யாரு?"

"நான்தாம்மா" என்றார்.

முதியவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "அடுத்த ஊர் நாற்காலி?"

"ஒரு நாள் சாயாமலே கெடக்கட்டும்பா. டாக்டர் நிக்க வெச்சே பல்லப் புடுங்கட்டும்."

"ஐயோ, அந்த ஆளு பாவம்டா!" என்றார் முதியவர். சிரிப்பில் கை வலித்ததோ என்னவோ, அவர் கண்ணோரம் நனைந்தது. இவர் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.