ஞாயிற்றுக்கிழமை சமாதானம், திங்கட்கிழமை சண்டை

1

இந்தக் கதை ஒரு தேதியிலிருந்து பிறந்தது. கற்பனையில் உதித்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் கற்பனை பார்சல் பரோட்டா மாதிரி, சூடாறித்தான் வந்து சேரும்.

எங்கள் லுத்தரன் சபையின் வட்டாரச் செய்திமடலை எழுதுகிறவன் நான். தலைமைத்துவப் பயிற்சி, கல்வி உதவி, சமாதானப் பணி என்று மாதாமாதம் இதே மூன்று தலைப்புகள். எல்லாமே "இனிதே நடைபெற்றது" என்று முடியும். இந்த மாதம் கூடுதலாக ஒரு வேலை தந்தார்கள். பெங்களூரில் ஓராண்டுச் சமாதானப் பணிப் பயிற்சிக்கு ஒருவரைச் சபை செலவில் அனுப்பப் போகிறார்கள். விண்ணப்பிப்பவர் தன் தெருவில் ஒரு தகராறைத் தீர்த்துவைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கையை இணைக்க வேண்டும். அது மெய்யா என்று விசாரிப்பது என் பொறுப்பு. [போதகர் சொன்ன காரணம்: "நீங்கதான் யாரையும் நம்ப மாட்டீங்களே."]

வந்திருந்த ஒரே விண்ணப்பம் மகிமாவுடையது. வயது இருபத்துமூன்று, திருவொற்றியூர். கன்டெய்னர் யார்டில் உள்ளே வரும் லாரிகளின் எண்ணைப் பதிகிற வேலை. தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை நகர்த்தியதால் செல்லம்மாவுக்கும் ரஹீமுன்னிசாவுக்கும் சண்டை: பத்தாம் தேதி, திங்கள். சமாதானக் கையெழுத்து: ஒன்பதாம் தேதி, ஞாயிறு.

உயிர்த்தெழுதலுக்கே மூன்று நாள் ஆனது. இங்கே சாவுக்கு முந்தின நாளே எழுந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மணலிக் காற்றில் அழுகிய முட்டை வாசம் கலந்திருந்த அந்தக் காலையில், மகிமா என்னும் இளம்—"

வேண்டாம். "இளம்" என்று எழுதினால் அடுத்த வரியில் அவள் கையில் விளக்கைக் கொடுக்க வேண்டிவரும்.

இரண்டாம் தொடக்கம்: "மகிமா ஒரு மோசடிக்காரி." இது பிடித்திருந்தது. இதையே நீட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அதன் பிறகு அவளை நேரில் பார்த்துத் தொலைத்தேன்.

3

யார்டுக்கு எதிரே டீக்கடை. "தேதியைத் தப்பாப் போட்டுட்டியாம்மா?" என்று தூண்டில் போட்டேன்.

"இல்ல அங்கிள், சரியாத்தான் போட்டேன். அதான் மாட்டிக்கிட்டேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் சந்தேகப்படுகிறவன் பிழைப்பு என்ன ஆவது?

"எங்க தெருவுல தினம் சண்டைதான். ஆனா அரை மணியில அவங்களே சேந்துக்குறாங்க, தீத்துவைக்க எனக்கு எதுவும் மிஞ்சல. கடைசி தேதி வேற நெருங்கிடுச்சு. அந்த ரெண்டு ஆன்ட்டியும் பதினாறு வருஷ தோஸ்து. 'நாங்க போடுறோம்டி உனக்கு ஒரு சண்டை'ன்னாங்க. ரஹீமா ஆன்ட்டிக்கு வேலை நாள்ல நேரமிருக்காதுன்னு ஞாயித்துக்கிழமையே கையெழுத்து வாங்கிட்டேன்."

"அப்போ சண்டையும் பொய், சமாதானமும் பொய்."

"சண்டை பொய் இல்ல அங்கிள்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுதான் இப்போ பிரச்சினை."

4

செல்லம்மா மீன் அரிந்துகொண்டே பேசினார்.

"இன்னா சாரு, சர்ச்சு ஆளா? எய்திக்கோ. மொதல்ல சோக்காத்தான் போச்சு. நான் 'கலீஜு'ன்னேன், அவ 'நீதான்டி கலீஜு'ன்னா. சிரிப்ப அடக்க முடில. அந்த மளிகைக்கடை ஃப்ரெடி கீறானே, 'இன்னாக்கா, சப்புனு கீது'ன்னு கத்தினான். இவளுக்கு ரோசம் வந்துச்சு."

கத்தி நின்றது.

"'இதோ பக்கத்துல மணலி புதுநகர்ல கீற புள்ள ரெண்டு வருசமா ஏன் உன்ன எட்டிப் பாக்கலன்னு இப்பத்தான்டி தெரியுது'ன்னா. எம்புள்ள துபாய்ல கீறான்னு தெருவே நெனச்சுகினு இருந்துச்சு சாரு. அவ ஒருத்தியாண்டதான் நெசத்தச் சொல்லிகீறேன்."

[மகன் இருக்கும் ஊரை மாற்றி எழுதியிருக்கிறேன். நம்பினால் நம்புங்கள். அன்று தெரு கேட்டது, இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள். அது ரஹீமுன்னிசா செய்த தவறு, இது நான் செய்வது. அவருக்காவது ரோஷம் என்று ஒரு காரணம் இருந்தது.]

மூன்று வீடு தள்ளி ரஹீமுன்னிசா கதவைப் பாதிதான் திறந்தார். "நடிச்சேன்னு சொன்னா நம்புவாளா சார்? நடிக்கும்போதுதான் வாயில வந்துச்சு. எங்கேந்து வந்துச்சுன்னு எனக்கே தெர்ல."

5

கதாபாத்திரம் பற்றி என் சந்தேகம்: இந்த மகிமாவை நம்பலாமா?

சண்டை நடந்த நாளிலிருந்து, வேலை விட்டு வந்ததும் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடந்துகொண்டிருக்கிறாளாம். பத்தொன்பது நாள். ஃப்ரெடி சொன்னான். விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"இதை எழுதியிருக்கலாமே?"

"எழுதினா இதுவும் அப்ளிகேஷனுக்காகன்னு ஆயிடும் அங்கிள்."

அழகான பதில். ரொம்ப அழகான பதில். எனக்காகவே தயாரித்ததோ? பாருங்கள், இதுதான் என் வியாதி. இத்தனைக்கும் அச்சுக்கு நேரமாகிறதென்று, நடக்காத கூட்டங்களை "இனிதே நடைபெற்றது" என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியவன் நான். மூன்று முறை. [சரி, ஏழு.]

"போலின்னே எழுதிடுங்க," என்றாள். "ஆனா எனக்கு இத விட்டா யார்டுதான் அங்கிள். அதையும் மனசுல வச்சுக்கிட்டு எழுதுங்க." இதில் அழகு ஒன்றும் இல்லை. இதை நம்பினேன்.

6

முடிவு அ: தண்ணீர் லாரி வருகிறது. ரஹீமுன்னிசா வேலைக்குப் போயிருக்கிறார். செல்லம்மா யாருக்கும் தெரியாமல் தோழியின் குடத்தையும் நிரப்பி— நான் இதைப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதக் கை பரபரக்கிறது. அந்தக் கைக்குச் செய்திமடல் பழக்கம்.

முடிவு ஆ: "மோசடி" என்று எழுதிக் கொடுக்கிறேன். சபை என் நேர்மையைப் பாராட்டுகிறது. மகிமா வெயிலில் நின்று லாரி எண்— போதும்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். நேற்றுச் சாயங்காலம் மகிமா போன் செய்தாள். குரலில் அப்படியொரு குஷி.

"அங்கிள், செல்லம்மா ஆன்ட்டி இன்னிக்கு என்னா சொன்னாங்க தெரியுமா? 'அவளாண்ட சொல்லு, செத்தாலும் அவகூடப் பேச மாட்டேன்னு'!"

"இதுக்கா குதிக்கிற?"

"இத்தனை நாள் ரஹீமா ஆன்ட்டி பேச்சையே எடுக்க விடல அங்கிள். இன்னிக்கு 'அவளாண்ட சொல்லு'ன்னு சொல்லி அனுப்புறாங்க!"

"போய்ச் சொன்னியா?"

"சொன்னேன். ரஹீமா ஆன்ட்டி அழுதுட்டு, 'வேற இன்னா சொன்னா'ன்னு கேட்டாங்க."

விசாரணைப் படிவத்தில் மூன்று கேள்விகள். தகராறு உண்மையா? "உண்மை" என்று எழுதிவிட்டேன். விண்ணப்பதாரரின் பங்கு? "மூட்டிவிட்டவர் இவரே. விட்டுவிட்டு ஓடாதவரும் இவரே." சமாதானம் ஆனதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

நாளை காலை பத்து மணிக்குச் சபையின் தேர்வுக் குழு கூடுகிறது. என் டிக்கை நானே நம்ப மாட்டேன், அதனால் நீங்கள் போடுங்கள். நேரில் விசாரித்துத்தான் போடுவேன் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். செல்லம்மாவிடம் குடத்தைப் பற்றிக் கேளுங்கள், ரஹீமுன்னிசாவைப் பற்றிக்கூடக் கேளுங்கள். மகனைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.