தொட்டி விளக்கு

குணபூசணி மீன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, பிளாஸ்டிக் ஸ்கேலால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. கை சொட்டச் சொட்டப் போய் எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வாசு.

"அம்மா, ஆம்புலன்ஸ் ரெடி. அப்பாவ கூட்டிக்கிட்டு வரோம். ஹால்லயே கட்டில போட்டு வைங்க."

"கொஞ்சம் மெதுவா வாங்களேன்."

"மெதுவாவா? என்னம்மா பேசுறீங்க?"

அவளுக்கே தன் பேச்சு சகிக்கவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்ட மனுஷனை, மெதுவாக வரச்சொல்லி எந்தப் பெண்டாட்டி கேட்பாள்? ஆனால் தொட்டி இருக்கிற கோலத்தில் அவரை அதன் முன்னால் எப்படிப் படுக்க வைப்பது?

பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து யோகநாதனுக்கு அந்தக் கடல்மீன் தொட்டிதான் உத்தியோகம். போர்ட் டிக்சன் கடலில் டின் டின்னாகத் தண்ணீர் பிடித்து, ஓட்டை டட்சன் காரில் கிள்ளான் வரை கொண்டுவருவார். கண்ணாடியில் பொட்டளவு பச்சை தெரிந்தால் போதும், போட்டு வைத்த காப்பி ஆறிப்போகும். மீனுக்கு ஒரு சிட்டிகை இரை, விளக்கு சாயந்திரம் மட்டும். வெளிச்சமும் சாப்பாடும் கூடினால் பாசி பிடிக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வார். அவள் ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் தொட்டி அவள் தலையில் விழுந்தது. வீட்டுக்காரர் அப்படிக் கிடக்கும்போது வீட்டில் ஒரு விளக்கை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சாமி விளக்கோடு சேர்ந்து தொட்டி விளக்கும் இராப்பகலாக எரிந்தது. மீன்கள் கண்ணாடியில் வாயை வைத்துப் பார்க்கும்போதெல்லாம், பாவம், அவரைத் தேடுதுங்க என்று இன்னொரு பிடி இரை போட்டாள். கல், பவளம், கண்ணாடி எல்லாம் பச்சையாகிவிட்டன. ஆரஞ்சு மீன் இரண்டும் கீரைக் கடைசலில் விழுந்தவை போல நீந்தின.

பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். "தண்ணி எப்படியிருக்கு?"

"பளிச்சுன்னு இருக்குங்க" என்பாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நிம்மதிக்காகப் பொய் சொன்னதில் அவளுக்கு வெட்கமில்லை. கடைசியாக அவர் இந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

சாலாக் செலாத்தானிலிருந்து காலையிலேயே வந்துவிட்ட பூமணி, யோகநாதனின் அக்காள், கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"என் தம்பி சாகக் கிடக்கிறான். நீ தொட்டி கழுவிக்கிட்டு இருக்க, குணம்."

"அக்கா, கட்டில அந்தப் பக்கம் திருப்பிப் போடலாமா? அவருக்குத் தொட்டி தெரியாம."

"தலை தெற்கே இருக்கணும். தெரியாதா உனக்கு?"

தெற்கே தலை வைத்தால் முகம் நேராகத் தொட்டியைத்தான் பார்க்கும். குணபூசணி மறுபடியும் சுரண்டினாள். தட்டளவு இடம் சுத்தமானது. ஆனால் சுரண்டிய பாசியெல்லாம் மிதந்து தண்ணீர் முன்னைவிட மோசமாகக் கலங்கியது. வாசலில் வண்டி நின்றது.

படுக்க வைத்ததும் யோகநாதனின் கண் தொட்டிக்குத்தான் போனது. வெகு நேரம் பார்த்தார். குணபூசணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொட்டளவு பச்சைக்கே வீட்டை இரண்டாக்குகிறவர்.

"நல்லாத்தான் வெச்சிருக்க, குணம்" என்றார்.

பார்வை போய்விட்டதோ என்று பக்கத்தில் போய்க் குனிந்தாள். அவர் அவளுடைய ஈரக் கையைப் பிடித்து, விரலில் ஒட்டியிருந்த பச்சை இழையைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்துவிட்டார்.

"லைட்ட மட்டும் அடைச்சிரு. எனக்குக் கண்ணு கூசுது." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "மூணு நாலு நாளைக்குப் போடாத."

அவருக்கு மூன்று நாள் இல்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருட்டில் கிடந்தால் பாசி செத்துவிடும் என்பதும் தெரியும். தன்னைக் குற்றம் சொல்லாமல் இருக்கத்தான் கண் மேல் பழியைப் போடுகிறார் என்று புரிந்தபோது, அவர் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம் வந்தது. கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு வந்ததில்லை. போய் சுவிட்சைத் தட்டினாள். திரும்பி வந்து அதே கையை அவரிடம் கொடுத்தாள். கையில் கடல் வாடை அடித்தது. அவர் விடவில்லை.

சாயந்திரம், அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது.

வாசு வெளியே போய் நின்று அழுதான். பூமணி தம்பியின் கண்ணை மூடி, வாயைக் கட்டி, தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றினாள். பிறகு ஹால், சமையலறை, வாசல் என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சாவு வீட்டுல ஒரு மூலைகூட இருட்டா இருக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே தொட்டி சுவிட்சில் கை வைத்தாள்.

"அது வேணாங்கா."

"ஏன்?"

பாசியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அவருக்குக் கண்ணு கூசும்."

பூமணி கையை எடுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, குத்துவிளக்கை இரண்டு கையாலும் தூக்கி, சுடர் தம்பியின் முகத்தில் விழாதபடி ஒரு சாண் தள்ளி வைத்தாள்.